நேரு ஸ்டேடியத்துக்கு மெட்ரோவிலா, மின்சார ரயிலிலா, காரிலா? பத்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

முதலில் ஓர் எச்சரிக்கை. சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் 'நேரு பார்க்' மெட்ரோ நிலையத்தில் இறங்கவே கூடாது. பெயரில் நேரு இருக்கிறது, வெளியே வந்தால் ஸ்குவாஷ் பயிற்சி மையமும் விளையாட்டு வளாகமும்கூட இருக்கின்றன. அதனால் புதிதாக வருபவர்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். கால்பந்து நடக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் இருப்பது பெரியமேட்டில், ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம். மெட்ரோவில் வருபவர்கள் இறங்க வேண்டியது சென்ட்ரல். நேரு பார்க்கில் இறங்கிவிட்டால் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மாலை நேர நெரிசலோடு சேர்ந்து கிழக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டும். முதல் பத்து நிமிட ஆட்டம் போயே போய்விடும்.

2014-ல் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் தொடங்கியதிலிருந்து இந்த மைதானத்துக்குப் போய்வரும் வழி இரண்டு முறை மாறியிருக்கிறது. முதல் சில பருவங்களில் மின்சார ரயிலும் பேருந்தும்தான் கதி. 2018 மே மாதம் நேரு பார்க்கிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோ நீண்டதும் கோயம்பேடு, அண்ணா நகர், வடபழனிக்காரர்களுக்கு வழி பிறந்தது. 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ்.–வண்ணாரப்பேட்டைப் பகுதி திறந்த பிறகு அண்ணா சாலைப் பக்கத்தவர்களும் வடசென்னைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்று போவதற்குச் சிறந்த வழி மெட்ரோ. திரும்பி வருவதற்கு எது சிறந்தது என்பது நீங்கள் எத்தனை மணிக்கு மைதானத்தை விட்டு வெளியேறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திட்டத்தைத் திரும்பும் நேரத்திலிருந்துதான் போட வேண்டும்.

ஏழரை மணி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாதி, இடைவேளை, கூடுதல் நிமிடங்கள் எல்லாம் சேர்த்து முடியும்போது மணி ஒன்பது இருபத்தைந்து. வாயிலைத் தாண்டிச் சாலைக்கு வர பத்து நிமிடம், சென்ட்ரல் மெட்ரோ வரை நடக்க இன்னொரு பதினைந்து. நடைமேடையில் நிற்கும்போது ஒன்பது ஐம்பது ஆகியிருக்கும். மெட்ரோவின் வழக்கமான அட்டவணையில் இரவு 10 மணிக்குப் பிறகு ரயில்கள் 15 நிமிடத்துக்கு ஒன்றுதான். 11 மணியோடு சேவை முடிகிறது. வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து கைதட்டுவதையும் பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள் (அதைப் பார்க்காமல் போவதும் ஒரு குறைதான்) இந்தப் பதினைந்து நிமிட இடைவெளியில் மாட்டிக்கொள்வார்கள். ஆலந்தூரில் மாற வேண்டியிருந்தால் அங்கேயும் இன்னொரு காத்திருப்பு. எட்டு மணி ஆட்டம் என்றால் கணக்கு இன்னும் அரை மணி தள்ளிப்போகும். சில போட்டி நாட்களில் சேவையை நீட்டிப்பார்கள். ஆனால் அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் அதை நம்பிப் போகக் கூடாது.

பச்சை வழித்தடம் சென்ட்ரலில்தான் புறப்படுகிறது. எழும்பூர், கோயம்பேடு, அசோக் நகர் போகிறவர்களுக்கு வண்டி காலியாக வந்து நிற்கும், உட்கார இடம் கிடைக்கும். நீல வழித்தடம் விம்கோ நகர் பக்கத்திலிருந்து ஓடிவரும் வண்டி. கிண்டி, விமான நிலையம் போகிறவர்கள் நின்றுகொண்டு போகத் தயாராக இருக்க வேண்டும். ஆலந்தூரில் ஏறி ஸ்டேடியத்துக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டியது: இரண்டு வழித்தட வண்டிகளுமே சென்ட்ரலுக்குப் போகும். சைதாப்பேட்டை, அண்ணா சாலை வழியாக வரும் நீல வண்டிதான் விரைவு. பச்சை வண்டி கோயம்பேட்டைச் சுற்றிக்கொண்டு வரும்.

கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி, 21 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 50 ரூபாய். கியூ.ஆர். சீட்டு எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. தள்ளுபடியை விடப் பெரிய ஆதாயம், ஆட்டம் முடிந்ததும் கவுன்ட்டரில் நீளும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சிங்காரச் சென்னை அட்டை வைத்திருப்பவர்கள் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துப் பணம் ஏற்றிவிட்டு வருவது நல்லது. ஸ்டேடியத்துக்குள் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கைபேசியைத் தட்டும்போது இணையம் நத்தை வேகத்தில்தான் நகரும். அங்கே நின்று சீட்டெடுக்கலாம் என்ற திட்டம் பல நேரங்களில் பொய்த்துப்போகும்.

சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து நடக்கும் வழி எளிது. நிலையம் பெரியது, நடைமேடைகள் இரண்டு மட்டங்களில் இருக்கின்றன. தரைக்கு ஏறிவரவே நாலைந்து நிமிடம் ஆகும். ரிப்பன் மாளிகை இருக்கும் பக்கத்தில் வெளியே வாருங்கள். எதிர்ப்பக்கம் அரசுப் பொது மருத்துவமனை. அங்கே ஏறிவிட்டால் மறுபடியும் சுரங்கப்பாதைக்குள் இறங்க வேண்டியதுதான். வெளியே வந்ததும் விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை இரண்டையும் வலப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே நடந்து, பெரியமேட்டில் வலப்பக்கம் சைடன்ஹாம்ஸ் சாலையில் திரும்புங்கள். மொத்தம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இதே மண்ணில் இருந்த பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் 1956-ல் வினூ மங்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார்கள். இப்போதுள்ள வட்ட வடிவ அரங்கம் 1993-ல் எழுந்தது.

அந்த வட்ட வடிவம் ஒரு நடைமுறைச் சிக்கலையும் கொண்டுவருகிறது. நுழைவுச் சீட்டில் அச்சிட்ட வாயில் எண்ணைப் பார்க்காமல் கூட்டத்தோடு போய் முதலில் தெரிந்த வரிசையில் நின்றால், பரிசோதனை வரை போன பிறகு 'உங்கள் வாயில் அந்தப் பக்கம்' என்று திருப்பி அனுப்புவார்கள். அரங்கத்தைப் பாதி சுற்றி வரவே பத்து நிமிடம். சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கமா, ராஜா முத்தையா சாலைப் பக்கமா என்பதை ரயிலில் வரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் மெட்ரோவை விட மின்சார ரயில்தான் கை கொடுக்கும். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு வழிக்கு பார்க் ஸ்டேஷன். ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வழிகளுக்கு சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையம். பிந்தையது ரிப்பன் மாளிகை இருக்கும் பக்கத்திலேயே இருப்பதால் பெரிய சாலையைக் கடக்க வேண்டியதில்லை. பார்க் ஸ்டேஷனுக்குச் சாலையின் தென்புறம் போக வேண்டும், அதற்குச் சுரங்கப்பாதை உண்டு. தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடுவதை ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் பார்க்க முடிகிறது. பேருந்துகள் வேகமெடுக்கும் இடம் அது, தயவுசெய்து செய்யாதீர்கள். பார்க்கிலிருந்து தாம்பரத்துக்குப் பத்து ரூபாய்தான். சீட்டை நடந்துவரும்போதே செயலியில் எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு மிக அருகில் போய் நின்றால் செயலி சீட்டுத் தராது.

மின்சார ரயிலின் பலவீனம் ஞாயிற்றுக்கிழமை. பராமரிப்புப் பணிக்காகக் கடற்கரை–தாம்பரம் பாதையில் வண்டிகளை ரத்து செய்வது பெரும்பாலும் வார இறுதியில்தான். ஆட்டங்களும் அப்போதுதான் அதிகம். முதல் நாளே தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பறக்கும் ரயிலை நம்பியிருந்த மயிலாப்பூர், வேளச்சேரிக்காரர்கள் 2023 ஆகஸ்ட் இறுதியில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டைப் பகுதி மூடப்பட்டபோது ஓராண்டுக்கு மேல் தவித்தார்கள். எப்போதும் ஒரு மாற்று வழி கையில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் காலம் கற்றுக்கொடுத்தது.

தென்மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வண்டலூரிலிருந்து மின்சார ரயிலில் நேராகப் பார்க் வரலாம். மாநகரப் பேருந்து என்றால் கோயம்பேட்டிலிருந்து பிராட்வே போகும் 15பி. போகும்போது நெரிசல், வரும்போது இடைவெளி. முதல் தேர்வாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

கார் பற்றிச் சொல்வதானால், வேண்டாம் என்பதே பதில். வளாகத்துக்குள் இருக்கும் இடம் பெரும்பாலும் அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கே போய்விடும். பெரியமேடு தோல் கடைகளும் விடுதிகளும் சரக்கு வண்டிகளும் அடைத்துக்கொண்ட பழைய பேட்டை. தெருவோரத்தில் கார் விட இடமே கிடையாது. பெரிய ஆட்டங்களில் காவல்துறை வண்டிகளைத் திருப்பிவிடும்போது வரைபடச் செயலி காட்டும் வழி பயனற்றுப்போகும். கார் இல்லாமல் முடியாது என்பவர்கள் கோயம்பேடு, அசோக் நகர், ஆலந்தூர் போன்ற மெட்ரோ நிலையங்களில் நிறுத்திவிட்டு ரயிலில் வரலாம். முதியவர்களை அழைத்து வருபவர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தவிர்த்து, வேப்பேரிப் பக்கமாக ஈ.வெ.கி. சம்பத் சாலை வழியாக வந்து இறக்கிவிட்டு வண்டியை அனுப்பிவிடலாம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே இதைச் செய்தால்தான் நடக்கும்.

இரு சக்கர வாகனம் கொஞ்சம் பரவாயில்லை. சிக்கல் தலைக்கவசத்தில்தான். உள்ளே எடுத்துப்போக விடமாட்டார்கள், வாயிலில் வைத்துவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வண்டியோடு பூட்ட ஒரு கம்பிப் பூட்டு கட்டாயம். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், பெரிய பை ஆகியவையும் வாயிலில் நிற்கும் பொருட்கள்தான்.

ஆட்டம் முடிந்து ஆட்டோவோ காரோ செயலியில் பிடிப்பவர்கள் வாயிலில் நின்று பதிவு செய்யாதீர்கள். ஓட்டுநருக்கு அடைபட்ட சாலையைத்தான் வரைபடம் காட்டும். அவர் ரத்து செய்வார், அடுத்தவரும் ரத்து செய்வார், கட்டணம் ஏறிக்கொண்டே போகும். புரசைவாக்கம், பெரம்பூர் போகிறவர்கள் வேப்பேரிப் பக்கம் அரை கிலோமீட்டர் நடந்துவிட்டுப் பதிவு செய்தால் உடனே கிடைக்கும். தெற்கே போகிறவர்கள் எழும்பூர் வரை மெட்ரோவில் ஒரே ஒரு நிலையம் போய், அங்கிருந்து பிடிப்பது மேல்.

கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்துக்குத் தனிக் கணக்கு. கேரளத்திலிருந்து வரும் ரயில்களில் பல சென்ட்ரலிலேயே வந்து நிற்கின்றன. மஞ்சள் சட்டைக் கூட்டமும் அதே ஒரு கிலோமீட்டரில்தான் நடந்து வரும். அன்று முக்கால் மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

பருவமழைக் காலமும் கால்பந்துப் பருவமும் இங்கே ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை பெய்தால் எழும்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் கெங்கு ரெட்டி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கிவிடும். சாலைவழி வருபவர்கள் அன்று சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். மெட்ரோ ஓடும், ஆனால் நிலையத்திலிருந்து வரும் நடை கணுக்கால் தண்ணீரில் இருக்கலாம். குடையை வாயிலில் தடுக்கக்கூடும் என்பதால் மடித்து பைக்குள் வைக்கும் மழைச்சட்டையே உகந்தது. செருப்பு வார் வைத்ததாக இருக்கட்டும்.