ஹவுஸ் ஆஃப் ஹாலோவா, எ மான்ஸ்டர் கால்ஸா?

பிள்ளைக்குப் படிக்கக் கொடுக்க இந்த இரண்டு நாவல்களில் எது? கிறிஸ்டல் சதர்லேண்டின் ‘ஹவுஸ் ஆஃப் ஹாலோ’ (2021) மூன்று சகோதரிகளின் கதை. சிறுவயதில் எடின்பரோ தெருவில் காணாமல் போய், ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறார்கள். கழுத்தில் தழும்பு, வெளுத்த முடி, கறுத்துப்போன கண்கள். எங்கே இருந்தோம் என்ற நினைவு மட்டும் இல்லை. வந்தவர்கள் தன் பிள்ளைகள்தானா என்று அப்பாவுக்கே சந்தேகம். அதுதான் நாவலின் உயிர். அழுகலும் பூக்களுமான வர்ணனை மட்டும் சில இடங்களில் திகட்டுகிறது.

பேட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ (2011) சிறியது, நேரடியானது. அம்மாவுக்குக் கடும் நோய்; இரவு 12:07க்கு யூ (yew) என்ற ஊசியிலை மரம் ஒன்று நடந்து வந்து, 13 வயது கானரிடம் உண்மையைக் கேட்கிறது. ஜிம் கேயின் கறுப்பு வெள்ளை ஓவியங்களே பாதி பயமுறுத்திவிடும்.

திகில்தான் வேண்டும் என்றால் முதலாவது. வீட்டில் இழப்பைக் கண்ட பிள்ளைக்கு இரண்டாவது. அதுவும் நீங்கள் முதலில் படித்துவிட்டு.