கம்பெனி சர்வேயில் ‘பெயர் தெரியாது’ என்பது எந்த அளவுக்கு நிஜம்? நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

லிங்கைத் திறந்ததும் முதல் வரி, “இது முழுக்க அனானிமஸ், தயங்காமல் சொல்லுங்கள்.” அடுத்த பக்கத்தில் துறை, பதவி, ஆணா பெண்ணா, எத்தனை வருட சர்வீஸ். ராணிப்பேட்டை சிப்காட்டில் 140 பேர் இருக்கும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவாலிட்டியில் 9 பேர், அதில் பெண்கள் 2, அந்த இருவரில் 10 வருடம் தாண்டியவர் ஒருவர். மூன்று ஃபில்டரில் ஆள் கையில். பெயர் கேட்கும் கட்டமே தேவைப்படவில்லை.

பல வருடம் பல கருவிகளோடு புழங்கியதில் தெரிவது இதுதான்: சாஃப்ட்வேர் காட்டிக்கொடுப்பது குறைவு, அந்த முதல் பக்கமும் கடைசியில் வரும் கருத்துக் கட்டமும் காட்டிக்கொடுப்பதுதான் அதிகம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அனானிமஸ் என்றால் யார் எழுதியது என்ற தகவலே எங்கும் பதிவாகாது. கான்ஃபிடென்ஷியல் என்றால் பதிவாகும், ஆனால் உங்கள் மேனேஜருக்குக் காட்ட மாட்டார்கள். வெளி நிறுவனம் நடத்தும் பெரிய சர்வேக்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் நடக்கும். எச்ஆர் அனுப்பும் மெயிலில் மட்டும் அது முதல் வகையாக மாறிவிடும்.

“நீங்கள் இன்னும் நிரப்பவில்லை” என்று நிரப்பாதவர்களுக்கு மட்டும் ரிமைண்டர் வந்தால் பலர் பதறுவார்கள். அது மட்டும் ஆதாரமாகாது. வாக்குச்சாவடியில் பெயரை டிக் அடிக்கிறார்கள், விரலில் மை வைக்கிறார்கள், ஆனாலும் எந்த பட்டனை அழுத்தினீர்கள் என்பது அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. நல்ல கருவியும் அப்படியே இரண்டையும் பிரித்து வைக்கும். பிரித்து வைத்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, சிக்கல் அங்கேதான். ஒரு சின்ன சோதனை மட்டும் செய்யலாம்: பக்கத்து சீட்காரருக்கு வந்த லிங்கையும் உங்களுடையதையும் ஒப்பிடுங்கள். வால்பகுதியில் எழுத்தும் எண்ணும் வேறு வேறாக இருந்தால் அது ஆளுக்கொரு லிங்க். எல்லோருக்கும் ஒரே லிங்க் என்றால் அந்த வழி அடைபட்டது.

சின்ன கம்பெனிகளில் அதிகம் ஓடுவது கூகுள் ஃபார்ம்ஸ். ஃபார்மின் மேலே உங்கள் மெயில் ஐடி தெரிவதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அதன் அருகே ‘நாட் ஷேர்டு’ என்று இருந்தால் ஐடி போகவில்லை. ஆளுக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் லாகின் கேட்கும், ஆனால் மெயில் சேகரிப்பை ஆன் செய்யாதவரை பதில் ஷீட்டில் ஐடி ஏறாது. ஃபைல் அப்லோட் கேட்கும் கேள்வி இருந்தால் மட்டும் கதை வேறு, பெயரோடு போகும். டைம்ஸ்டாம்ப்பை, அதாவது பதில் விழுந்த நேரப் பதிவை, தடுக்க வழியே இல்லை. ஷீட்டில் அந்த நெடுவரிசையை அழித்தாலும், ஃபார்முக்குள் தனித்தனிப் பதில்களைப் பார்க்கும் இடத்தில் நேரம் அப்படியே நிற்கும்.

நேரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். வேலூரில் மருத்துவமனை நைட் டியூட்டி. பதில் விழுந்த நேரம் அதிகாலை 3:12. வார்டு என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. அன்று அந்த வார்டில் டியூட்டி இரண்டு பேர். ரோஸ்டரை எடுத்தால் போதும்.

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் ‘ரெக்கார்ட் நேம்’ என்று ஒரு டிக் இருக்கிறது. அது ஆனில் இருந்தால், உங்கள் பெயரும் மெயிலும் ஃபார்மின் உரிமையாளருக்குத் தெரியும் என்று திரையிலேயே வரி வரும். யாரும் படிப்பதில்லை. டிக்கை எடுத்துவிட்டால் எக்செல்லில் மெயில் இருக்கும் இடத்தில் ‘அனானிமஸ்’ என்று விழும், ஆனால் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டும் விழும். சர்வேமங்கியில் அனானிமஸ் என்ற செட்டிங்கை நடத்துபவர் தானாகப் போய் ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஐபி முகவரி, அதாவது எந்த நெட் இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண், பதிவாகும். ஆபீஸ் வைஃபையில் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே ஐபிதான் என்பதால், அது கிளையைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது. கம்பெனி லேப்டாப்பில் எத்தனை மணிக்கு எந்த தளம் திறந்தது என்ற லாக் அதைவிடத் துல்லியமானது. சொந்த போன், சொந்த டேட்டா நல்லது. ஆனால் அதிலும் கம்பெனி ஐடியில் லாகின் செய்தால் பயன் பூஜ்யம்.

வெளி நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும் பாதுகாப்பு ‘5 பேருக்குக் குறைவாக இருந்தால் ரிப்போர்ட் வராது’ என்ற விதி. நல்ல விதிதான், ஆனால் ஓட்டை உண்டு. 6 பேர் உள்ள டீமின் சராசரி 3.5. அதே டீமில் ஆண்கள் 5 பேர், அவர்கள் சராசரி 3.8. இரண்டு ரிப்போர்ட்டும் விதிப்படி சரி. இப்போது பெருக்குங்கள்: 6 × 3.5 = 21, 5 × 3.8 = 19. கழித்தால் 2. அந்த ஒரே பெண் 5க்கு 2 போட்டிருக்கிறார். கால்குலேட்டர்கூட வேண்டாம். மேனேஜர் கையில் ஃபில்டரைக் கொடுக்கும் எந்த டாஷ்போர்டிலும் இதைக் கவனியுங்கள். ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற விடையிலும் இதே ஆபத்து: டீமில் நீங்கள் ஒருவர் மட்டும் அதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே அடையாளம். இப்படி நாலு சாதாரணத் தகவலைச் சேர்த்தே ஆளைப் பிடிக்கலாம் என்பது ஆய்வுலகில் பழைய செய்தி. பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துப் பிரிக்கலாம் என்று கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000லேயே கணக்கிட்டுக் காட்டினார்.

கருத்துக் கட்டம்தான் மோசமான இடம். எழுதியதை அப்படியே பிபிடியில் ஒட்டுவார்கள். “எப்போ பார்த்தாலும் திட்டிக்கினே இருக்காங்க” என்று எழுதினால் பிரச்சினையில்லை, நம் வேலூர்ப் பக்கத்தில் பாதிப் பேர் பேச்சு அதுதான். அதே டீமில் “அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விடுறாக” என்று ஒரு வரி வந்தால், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து காட்பாடியில் ரூம் எடுத்திருப்பவர் யார் என்று ஸ்லைடு மாறுவதற்குள் தெரிந்துவிடும். அதனால் எழுதும்போது ஊர்ப் பேச்சு, வழக்கமான ஸ்மைலி, மூன்று புள்ளி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சம்பவத்தை எழுதாமல் பழக்கத்தை எழுதுங்கள். “போன செவ்வாய் மீட்டிங்கில் என் லீவை மறுத்தார்” என்பதற்குப் பதில் “லீவு மறுக்கும்போது காரணம் சொல்வதில்லை.” லிங்க் வந்த பத்து நிமிடத்தில் நிரப்பாமல், கூட்டம் நிரப்பும் இரண்டாம் மூன்றாம் நாளில் நிரப்புங்கள்.

ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிகளில் கதை பேப்பரில் நடக்கும். கட்டிங், குளோசிங், லாஸ்டிங் என்று லைன் வாரியாக சூப்பர்வைசரே கொடுத்து, உட்கார்ந்த வரிசையிலேயே திருப்பி வாங்கினால், பெயர் எழுதாத பேப்பருக்கும் சீட் நம்பர் உண்டு என்று அர்த்தம். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு லைன் லீடர் நிரப்பித் தருவது இன்னும் மோசம். அங்கே வரும் 5க்கு 5 எல்லாம் லைன் லீடர் போட்ட மார்க். டேப்லெட்டில் சிரிக்கும் முகம், அழும் முகம் வைத்தாலும், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதே கேள்வி. பதில் தாள் போடும் பெட்டியை கேன்டீனில், கேமரா படாத மூலையில் வைத்து, டிக் மட்டும் அடிக்கும்படி தாளைக் கொடுத்து, எல்லா லைனையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகு எண்ணினால் இந்த முறையே எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது. கையெழுத்தும் இல்லை, நேரமும் இல்லை.

நடத்துபவர்களுக்கு: பின்னணிக் கேள்வி இரண்டுக்கு மேல் வேண்டாம். 10 பேருக்குக் குறைவான துறைகளைச் சேர்த்துவிடுங்கள். கருத்துகளை ஒருவர் தன் வார்த்தையில் சுருக்கி எழுதிவிட்டு, மூலத்தை மேனேஜருக்கு அனுப்பாமல் இருங்கள். யார் எதைப் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை லிங்க் அனுப்பும் முன்பே எழுதிக் கொடுங்கள்.

பாலியல் தொல்லையை மட்டும் இந்தக் கட்டத்தில் எழுதி நிறுத்திவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அது புகார் ஆகாது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்கு எழுத்தில், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். அங்கே உங்கள் பெயர் இருக்கும், ஆனால் அதை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.