ஏலத் தோட்டப் பாறைப் பாதைக்காக ஜிப்ஸியின் சஸ்பென்ஷனை இளக்கிய அனுபவம்

போடியிலிருந்து மலைமேல் உள்ள ஏலத் தோட்டத்துக்குப் பல ஆண்டுகளாக மாருதி ஜிப்ஸி கிங்கில்தான் போய் வருகிறேன். போடிமெட்டு தாண்டும்வரை தார்ச்சாலை. அதற்கப்புறம் தோட்டத்துக்கு இறங்கும் தடம் முழுக்கப் பாறையும் உருட்டுக் கற்களும். மழை அரித்த இடங்களில் ஒரு பக்கத் தடம் முழங்கால் ஆழம் இறங்கிக் கிடக்கும்.

இந்தத் தடத்தில் ஜிப்ஸி திணறுவது என்ஜின் சக்தி போதாமல் அல்ல. முன்னும் பின்னும் ஒரே கட்டையான ஆக்ஸில் (இரு சக்கரங்களை இணைக்கும் அச்சு), நான்கு மூலையிலும் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2375 மி.மீ. மட்டுமே. ஒரு முன் சக்கரம் பாறைமேல் ஏறினால், குறுக்காக இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிவிடும். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் லாக் கிடையாது என்பதால் தரையைத் தொடாத சக்கரங்களுக்கே சுழற்சி போகும். 4x4 போட்டிருந்தும் வண்டி நகராது. பட்டைகள் இன்னும் கொஞ்சம் நெளிந்து கொடுத்தால் நான்கு சக்கரமும் மண்ணில் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கேட்ட இடமெல்லாம் சொன்ன யோசனை, வண்டியை உயர்த்து, கூடுதலாக ஒரு பட்டை வை என்பது. இதை நான் ஏற்கவில்லை. கூடுதல் பட்டை வண்டியை உயர்த்தும். கூடவே ஸ்பிரிங்கை இறுக்கவும் செய்யும். வண்டி உயர்ந்து நிற்கும், சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் தரையை விட்டுவிடும். ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் பட்டை அடுக்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிப் பொருத்தும் முறையும் உண்டு. அதில் நெளிவு நிச்சயம் கூடும். ஆனால் ஸ்டீயரிங் கம்பிகளின் கோணம் மாறும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும், அவற்றைச் சரிசெய்யத் தனி வேலை வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே இருக்கும் ஸ்பிரிங்கில் அடைபட்டுக் கிடக்கும் நெளிவை முதலில் வெளியே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

பட்டைக் கட்டுகளை இறக்கிப் பிரித்தபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பட்டையின் நுனியும் தனக்கு மேலிருக்கும் பட்டையில் பள்ளம் பதித்திருந்தது. இடையில் துருவும் மண்ணும் கெட்டியாக உறைந்திருந்தன. ஸ்பிரிங் நெளியும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இங்கே அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. துருவைச் சுரண்டி, பள்ளங்களைத் தேய்த்துச் சமன் செய்து, நுனிகளின் கூர்மையை உருட்டி, இடையே மெல்லிய நைலான் துண்டுகள் வைத்தோம். கிரீஸ் பூசச் சொன்னார்கள். தோட்டத்துப் புழுதியில் கிரீஸ் சில வாரங்களில் அரைக்கும் பசையாகிவிடும் என்பதால் வேண்டாமென்று விட்டேன். மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவுவதே போதுமானதாக இருக்கிறது.

ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கில் போல்ட்டுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கும் நிலையிலேயே இவற்றை முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையான புஷ் தவறான நிலையில் இறுகி, இரண்டு பக்கமும் திருகி எதிர்த்துக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழியவும் செய்யும். வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. பாலியூரித்தேன் புஷ் நீண்ட காலம் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாறைப் பாதையில் அது ரப்பரைப்போல் வளைந்து கொடுப்பதில்லை. நான் ரப்பரிலேயே இருக்கிறேன்.

அடுத்தது முன்புற ஸ்டெபிலைசர் பார், அதாவது இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி. வளைவில் வண்டி சாயாமல் இருக்க இது தேவை; பாறையில் இதுவே எதிரி. ஒரு சக்கரம் மேலே போனால் மற்றதையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். இரு முனைகளிலும் ஊசி போன்ற பின்னை உருவிக் கழற்றும் இணைப்பு போட்டுக்கொண்டேன். தோட்டத்து வாசலில் கழற்றுகிறேன், தார்ச்சாலை ஏறும்முன் மாட்டுகிறேன். மாட்டாமல் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது ஆபத்து. இதைத் தயவுசெய்து யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

பட்டைகள் இளகியபின் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பழைய ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் குட்டையாகிவிட்டது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஆக்ஸிலின் பாரத்தை ஷாக் தாங்கக் கூடாது. தாங்கினால் அதன் மவுண்ட் பிய்ந்துவிடும். சக்கரம் முழுதாக அமுங்கும்போது ஷாக் அடிமுட்டும்முன் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு தொட வேண்டும். இரண்டு நிலையையும் அளந்த பிறகே சற்று நீளமானதை வாங்கினேன். சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸும் (பிரேக் திரவக் குழாய்) அப்படித்தான். சக்கரம் தொங்கும்போது அது விறைத்து நின்றால் ஓட்டவே கூடாது.

டயர் காற்றைத் தடத்தில் 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கிறேன். இதற்குச் செலவில்லை, பலன் உடனே தெரியும். திரும்பி வரும்போது நிரப்ப ஒரு சிறு கம்ப்ரசர் வண்டியிலேயே கிடக்கிறது.

வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்டோர் முற்றத்தில் ஒரே கல்லடுக்கில் முன் சக்கரத்தை ஏற்றி, வேறொரு சக்கரம் தரையை விடும் உயரத்தைக் குறித்து வைத்தேன். ஸ்டெபிலைசர் கழற்றிய நிலையில் நான்கு விரற்கடைக்கு மேல் கூடியிருந்தது. தடத்தில் அதன் அர்த்தம் பெரிது. முன்பு ஆள் இறங்கிக் கல் அடுக்கித் தாண்டிய இடங்களை இப்போது லோ கியரில் நிதானமாக ஏறிவிடுகிறேன். பின்னால் உர மூட்டைகள் இருந்தால் இன்னும் நன்றாக நெளிகிறது. தனியாகப் போகும் நாளில் பின்பக்கம் இன்னமும் விறைப்புதான்.

இத்தனை காலத்தில் ரப்பர் புஷ்களை மாற்ற வேண்டி வந்தது, நைலான் துண்டுகள் சில நழுவி விழுந்தன. பட்டை எதுவும் உடையவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கும் பழைய யு போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை முறுக்கியவை நீண்டிருக்கும். புதியவை போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.