பள்ளி இணையதளத்துக்கு ஆள் வர: கூகுள் விளம்பரமா, மேப்பும் சொந்தப் பக்கங்களுமா?

பொங்கல் கழிந்தால் குமரி மாவட்டத்தில் அட்மிஷன் பேச்சு சூடு பிடித்துவிடும். தக்கலை வட்டாரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. கூகுள் விளம்பரம் கொடுத்துப் பார்த்தோம்; கூகுள் மேப் பதிவையும் சொந்தப் பக்கங்களையும் சீர் செய்தும் பார்த்தோம். இப்போது இரண்டாவது வழியில்தான் நிற்கிறோம்.

விளம்பரத்தின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்று காசு கட்டினால் இன்றே ஆள் வருவார்கள், நிறுத்தினால் அன்றே நின்றுபோகும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஏல முறையில் விலை என்பதால், எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் இறங்கும் சீசனில் விலை ஏறும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. விளம்பரத்துக்கு இடம் குறிக்கும்போது, அங்கே இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்வதுதான் கூகுளின் இயல்பான அமைப்பு. கன்னியாகுமரி என்று குறித்தால், சூரிய உதயம் பார்க்க ரூம் தேடும் வெளியூர்க்காரர் கண்ணிலும் நம் பள்ளி பேனர் படலாம். அதை மாற்றி ‘இங்கே இருப்பவர்கள் மட்டும்’ என்று வைத்தாலோ, வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைக்கு ஊரில் பள்ளி தேடும் அப்பாக்கள் விட்டுப்போவார்கள். அவர்களுக்குத் தனி விளம்பரம் போட வேண்டும். மார்த்தாண்டத்தை மையமாக வைத்துச் சுற்றளவு குறித்தால் கேரளத்துப் பாறசாலையும் உள்ளே வந்துவிடும். இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டும் விளம்பரத்தில் இறங்கலாம்.

நான் சாய்வது மறுபக்கம். காரணம், பெற்றோர் உண்மையில் கேட்கும் கேள்விகள். அலுவலகத்துக்கு வரும் போனில் முதல் வார்த்தையே, “சார், முளகுமூடு பக்கம் வேன் வருமா? எல்கேஜிக்கு ஃபீஸ் எவ்வளவு?” என்பதுதான். தேடலிலும் இதையேதான் தட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலான பள்ளித் தளங்களில் முகப்பில் கட்டட போட்டோ, தாளாளர் செய்தி, ஆண்டு விழா ஆல்பம் இருக்கும்; வேன் வழித்தடம் இருக்காது. இருந்தாலும் நோட்டீஸை போட்டோ எடுத்து ஒட்டியிருப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் மேலே வர முடியாது.

நாங்கள் வேன் வழித்தடத்தை எழுத்தாகவே போட்டோம். அழகியமண்டபம், மணலி, வில்லுக்குறி, திங்கள்சந்தை என்று ஒவ்வொரு நிறுத்தமும், காலையில் வேன் வரும் நேரமும், தமிழிலும் ஆங்கிலத்திலும். கட்டணப் பக்கமும் அப்படியே. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான தமிழகத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணக் குழு நிர்ணயித்த தொகைதான் எப்படியும் வாங்கப் போகிறோம், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? வகுப்பு வாரியாகப் போட்டுவிட்டோம். இப்போது முகப்பை விட இந்த இரண்டு பக்கங்களுக்குத்தான் தேடலிலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள். சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவி, எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்பதைக் காட்டும். 16 மாதத் தரவு அதில் இருப்பதால் போன சீசனையும் இந்த சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மேப் பதிவும் இலவசம்தான். சரியான போன் நம்பர், இணையதள முகவரி, கேட் தெரியும் போட்டோ இருந்தால் போதும்.

இத்தனையும் கடைசியில் வந்து நிற்பது பராமரிப்பில்தான். இரண்டு வழிக்கும் நடுவே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது ஒன்றே என்பேன். வேன் வழி மாறிய பிறகும் பழைய பட்டியல் கிடந்தால், நம்பி வந்த பெற்றோர் கோபத்தோடு திரும்புவார், அதையே நாலு பேரிடமும் சொல்வார். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை என்றால் மேப்பில் அன்றைய அலுவலக நேரத்தையும் மாற்ற வேண்டும். தளம் செய்து கொடுத்தவரிடம் சொல்லிக் காத்திருந்தால் இது நடக்காது. அலுவலகத்திலேயே ஒருவர் கையில் லாகின் இருக்க வேண்டும், டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) பள்ளியின் பெயரிலும் பள்ளியின் மெயிலிலும் இருக்க வேண்டும். வேலை வாரத்துக்கு அரை மணி நேரம்கூட வராது. ஆனால் யார் பொறுப்பு என்று தாளாளரே சொல்லியிருக்க வேண்டும். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்ற பள்ளியில் இந்த வழி தேறாது. அவர்கள் சீசனுக்கு மட்டும் விளம்பரம் கொடுப்பதே மேல்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. பழைய மாணவர்கள் ஆர்வமாகப் பகிர்கிறார்கள், அதில் அட்மிஷனுக்கு வருபவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெரிய சிபிஎஸ்இ பள்ளிகளின் நிலவரமும் வேறாக இருக்கலாம். அவர்கள் கட்டாயம் வெளியிட வேண்டிய விவரங்கள் என்று வாரியமே ஒரு பட்டியல் வைத்திருப்பதால், பாதிப் பக்கங்கள் ஏற்கெனவே தயாராக இருக்கும்.

புதிதாகத் தொடங்கிய பள்ளிக்கு மட்டும் என் பதில் மாறும். பெயரே தெரியாத பள்ளியைப் பெயர் சொல்லி யாரும் தேட மாட்டார்கள். முதல் வருடம் விளம்பரம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது கிளிக் செய்பவரை முகப்புக்குக் கொண்டுபோகாமல், நேராக வேன் வழித்தடப் பக்கத்துக்கோ கட்டணப் பக்கத்துக்கோ கொண்டுபோங்கள்.