சுற்றிச் சுற்றி வரும் ஒரே தண்ணீர்: அக்வாபோனிக்ஸ் ஷீட், பைப் பற்றி ஆறு ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூரின் மேற்குப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், மீன் வளரும் தண்ணீரையே செடிக்கும் சுற்றவிட்டு இரண்டையும் சேர்த்து வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் அமைப்பைத் தொடங்கினேன். 1,000 லிட்டர் பிடிக்கும் மீன் தொட்டி ஒன்று, ஜல்லி நிரப்பிய செடிப் படுகைகள் இரண்டு, நான்கு அங்குல பைப்பில் துளையிட்டுக் கீரை வளர்க்கும் வரிசைகள் நான்கு. தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை என்பதால், பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, கீழே உத்திரம் செல்லும் இடத்தில் தொட்டியை வைத்தோம். ஜிலேபி மீனும் பாலக், சிறுகீரை, புதினா, தக்காளி ஆகியவையும் அன்றுமுதல் வளர்ந்து வருகின்றன. பார்க்க வருபவர்கள் மீனைப் பற்றியும் செடியைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். தொட்டிக்குள் விரித்த ஷீட் என்ன, தண்ணீர் ஓடும் பைப் என்ன என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. எனக்கு நேர்ந்த இழப்புகளில் பெரும்பாலானவை அந்த இரண்டிலிருந்துதான் வந்தன என்பதால், அவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒருமுறை கடந்து போய்விடும். அக்வாபோனிக்ஸில் அதே தண்ணீர் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆவியாவதையும் செடி குடிப்பதையும் மட்டும் நாம் நிரப்புகிறோம். ஆகவே ஷீட்டிலிருந்தோ பைப்பிலிருந்தோ கரைந்து வரும் எதுவும் வெளியேற வழியின்றி அங்கேயே சேர்கிறது. மீன் அந்தத் தண்ணீரைச் செவுள் வழியாக இரவும் பகலும் சுவாசிக்கிறது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தத் தண்ணீரில்தான் வாழ்கின்றன. அந்த மாற்றம் நடக்கும்போது அமிலமும் உண்டாகிறது. எங்களுக்குக் கிடைப்பது சிறுவாணித் தண்ணீர். குடிக்க அருமையானது, ஆனால் மென்னீர் என்பதால் அமிலத்தைத் தாங்கும் கார இருப்பு அதில் குறைவு. கவனிக்காமல் விட்டால், அமிலம் கூடக் கூட இறங்கும் பி.ஹெச். எண் இரண்டு மூன்று வாரங்களில் 7இலிருந்து 6.2 வரை இறங்கிவிடும். அமிலமான மென்னீரில் உலோகம் எளிதாகக் கரையும் என்பதைப் பள்ளியில் படித்திருந்தும், என் மீன்கள் சாகும் வரை அதை இந்தத் தொட்டியோடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நான் விரித்தது கடையில் கிடைத்த நீல நிறத் தார்ப்பாய். பாலிஎத்திலீன் நாடாக்களால் நெய்து, மேலே மெல்லிய பூச்சு கொடுத்த சாதாரண வகை. அந்தப் பிளாஸ்டிக் தன்னளவில் மீனுக்குக் கெடுதல் செய்யக்கூடியதன்று; வெயிலைத் தாங்கும் தன்மைதான் அதற்கு இல்லை. பதினான்காவது மாதம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெயில் படும் விளிம்பு முழுவதும் வெளுத்து, விரலால் தேய்த்தால் செதிள் செதிளாக உதிர்ந்தது. வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்தபோது தலைமுடி போன்ற நீல இழைகள் கையில் ஒட்டின. அன்று அறுத்த இரண்டு மீன்களில் ஒன்றின் குடலிலும் அதே நீல இழை இருந்தது. குழந்தைகள் சாப்பிடும் மீன் என்ற நினைப்பு வந்ததும் அந்த வாரமே தார்ப்பாயை எடுத்துவிட்டேன்.

அடுத்து, பயோஃபிளாக் எனப்படும் மீன் வளர்ப்பு முறையின் தொட்டிகளுக்கு விற்கும் கனமான தார்ப்பாயை ஒரு செடிப் படுகைக்கு வாங்கினேன். பாலியஸ்டர் துணியின் இருபுறமும் பிவிசி பூசியது, 650 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 650 கிராம். மடிக்க எளிது, மூலைகளில் அழகாகப் படிந்தது. ஆனால் பிரித்த நாளிலிருந்தே புது ரெக்சின் நாற்றம். பிவிசி இயல்பில் கெட்டியான பொருள். அதை வளையும்படி ஆக்குவதற்குப் பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய் போன்ற பொருளைக் கணிசமான அளவில் சேர்க்கிறார்கள். அது பிவிசியோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை. இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. சூடு ஏற ஏற மெல்ல வெளியே வரும். தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்கள் சில, உடலின் ஹார்மோன் இயக்கத்தில் குறுக்கிடுபவை என்பதால் பல நாடுகளில் பொம்மைகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. என் ஷீட்டில் எந்த வகை சேர்க்கப்பட்டிருந்தது என்று விற்றவருக்கும் தெரியவில்லை, பொட்டலத்திலும் எழுதவில்லை. "எல்லாமே பிளாஸ்டிக்தானுங்க, மீனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். இரண்டாவது கோடையில் வெயில் படும் பகுதி பிசுபிசுத்தது. அதற்கடுத்த ஆண்டு அதே பகுதி விறைத்து, மடிப்பில் வெடித்தது. எண்ணெய் போனதால்தான் விறைத்தது. போன எண்ணெயில் ஒரு பகுதியாவது படுகைத் தண்ணீருக்குத்தான் போயிருக்கும். குடிநீருக்கு உகந்தது என்ற சான்றோடு வரும் பிவிசி ஷீட்டுகளும் உலகில் உண்டு. அப்படி எழுத்தில் தர முடியாத வளையும் பிவிசியை உணவு வளரும் தண்ணீரில் வைப்பதில்லை என்பது அன்றுமுதல் என் முடிவு.

ஷீட் எதனால் ஆனது என்று விற்பவருக்கே தெரியாத இடத்தில் ஒரு சிறு சோதனை எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. நகம் அளவுத் துண்டை வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அழுத்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைத் தடவி விட்டு, கையை எடுக்க வேண்டும். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது என்பதால் மேலே வந்து மிதக்கும். பிவிசி நேராக அடியில் போய் உட்காரும். பாலிஎத்திலீன் என்று சொல்லி என்னிடம் காட்டப்பட்ட ஷீட்டுகளில் இரண்டு இப்படி மூழ்கியிருக்கின்றன. ஈபிடிஎம் ரப்பரும் மூழ்கும். ஆனால் அதன் ரப்பர்த் தன்மை கையில் தெரியும், இழுத்தால் நீண்டு திரும்பும் என்பதால் குழப்பம் வராது.

இப்போது மீன் தொட்டியிலும் இரு படுகைகளிலும் இருப்பது ஹெச்டிபிஇ எனப்படும் அடர்த்தி மிக்க பாலிஎத்திலீனால் ஆன கறுப்பு ஷீட். பண்ணைக்குட்டைகளுக்கு விரிப்பதே இது. 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கனம். இதில் பிளாஸ்டிசைசர் தேவையே இல்லை. கறுப்பு நிறத்தைத் தரும் கார்பன் பிளாக் என்ற நுண்கரித்தூள்தான் வெயிலிலிருந்து காக்கிறது. ஆகவே நீலத்தையோ பச்சையையோ அழகுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, நெய்த துணிபோன்ற நடு அடுக்கின் மேல் பூச்சு கொடுத்தது. இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15351. மற்றொன்று, நெசவே இல்லாத ஒரே படலம். நெய்த வகை கிழிசலைத் தாங்கும், மடிக்கவும் ஓரளவு வரும். ஆனால் வெட்டிய ஓரத்தில் நாடாக்களின் முனை திறந்திருக்கும். அந்த ஓரம் தண்ணீரில் பட்டால் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் ஏறி, பூச்சு உரிகிறது. என் முதல் படுகையில் தண்ணீர் வெளியேறும் துளையைச் சுற்றி அப்படித்தான் உரிந்தது. அதனால் படுகைகளுக்கு மட்டும் ஒற்றைப் படலத்தை மாற்றினேன்.

ஒற்றைப் படலம் விறைப்பானது. மூலையில் அதை மடிப்பதற்குள் பொறுமை போய்விடும். காலை எட்டு மணிக்கு மடிக்க முயன்று தோற்ற மூலையை, நண்பகலில் ஷீட்டை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து வைத்த பிறகு மடித்தேன்; படிந்தது. மடிப்பை வெட்டக் கூடாது, கடித உறையின் முனையைப் போல் மடித்து வெளிப்புறமாகத் திருப்பிவிட வேண்டும். இதை எந்தப் பசையும் ஒட்டாது. சூடாக்கி உருக்கித்தான் இணைக்க முடியும். பண்ணைக்குட்டை வேலை செய்யும் தம்பி ஒருவர் வெப்பக்காற்றுக் கருவியோடு வந்து, இரண்டு இணைப்புகளை அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். அடியில் பழைய கோணிச் சாக்கை இரட்டையாக விரித்தேன். ஜல்லியின் கூர்முனை குத்தாமல் இருப்பதற்கு அது போதும். நல்ல ஈபிடிஎம் ஷீட் இதைவிட வளையும், மூலையில் சிரமம் தராது. குளங்களுக்கென்று விற்கும் வகை மட்டுமே வாங்க வேண்டும். கூரை வேலைக்கான ஷீட்டில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம்.

பழைய நீல டிரம்களைப் பற்றியும் ஒரு சொல். டிரம்மின் பிளாஸ்டிக் நல்ல ஹெச்டிபிஇதான். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கும். ஆனால் எங்கள் பக்கம் பழைய டிரம்கள் சாயப்பட்டறையிலிருந்தும் வரும், ஊறுகாய்க் கம்பெனியிலிருந்தும் வரும். முன்பு என்ன இருந்தது என்ற சீட்டு ஒட்டியிருக்காத டிரம்மை எவ்வளவு கழுவினாலும் நான் வாங்குவதில்லை. பிளாஸ்டிக் சுவர் தான் உறிஞ்சியதை நெடுநாள் கசியவிடும்.

பைப்புக்கு வருவோம். யூபிவிசி எனப்படும் கெட்டிப் பைப்பில் பிளாஸ்டிசைசர் சேர்ப்பதில்லை. எனவே தார்ப்பாயில் சொன்ன குறை இதற்கு இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, சூட்டில் பிவிசி சிதையாமல் இருக்க நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்படும் பொருள். நம் நாட்டில் நெடுங்காலம் ஈயச் சேர்மங்கள் அதற்குப் பயன்பட்டன. பிவிசி பைப்புகளில் ஈய நிலைப்படுத்தியைத் தடுக்கும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021இல் வெளியிட்டது. அதனால் வீடு இடித்த பழைய பைப்பை, இலவசமாகக் கிடைத்தாலும், இதற்குப் பயன்படுத்த வேண்டாம். புதுப் பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4985 என்ற எண்ணும் இருந்தால் அது குடிநீருக்கான யூபிவிசி. ஐ.எஸ். 13592 என்றிருந்தால் கழிவுநீர், மழைநீர்ப் பைப். கீரை வரிசைக்கு நான்கு அங்குலம் வேண்டும் என்றதும் கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான், விலை குறைவு என்பதால். நானும் முதலில் அதைத்தான் போட்டேன். 2022இல் குடிநீர்ப் பைப்பாக மாற்றினேன். வெள்ளைப் பைப்பின் மெல்லிய சுவர் வழியே வெளிச்சம் புகுந்து உள்ளே பாசி பிடித்தது. வெயிலில் மேற்புறம் மாவாக உதிர்ந்தது. வெளிப்புறத்தில் மட்டும் தண்ணீரில் கரைக்கும் வெளிச்சுவர் பெயின்ட் இரண்டு கோட் அடித்ததும் இரண்டு குறையும் நின்றன.

இனி அந்த மரணங்கள். 2021 ஜூனில் பம்பை இடம் மாற்றியபோது, வேலைக்கு வந்தவர் கையில் இருந்த ஒரு ஜி.ஐ. நிப்பிளையும் (துத்தநாகம் பூசிய இரும்பு இணைப்புத் துண்டு) பித்தளை கேட் வால்வையும் பைப்பில் பொருத்திவிட்டுப் போனார். கைநீளம் கூட இல்லாத உலோகம் என்று நானும் விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம் மீன்கள் தீனிக்கு வரவில்லை. தண்ணீர் விழும் இடத்தில் கூடி நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சரியாக இருந்தன. ஏர் பம்பும் ஓடிக்கொண்டிருந்தது. பி.ஹெச். மட்டும் 6.2. பத்து நாளில் நாற்பதில் பதினொரு மீன்கள் இறந்தன. இறந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இழைகளின் மேல் வெண்ணிறக் கோழை படர்ந்திருந்தது. கடைசியாக நிப்பிளைக் கழற்றியபோது, உட்புறம் துத்தநாகப் பூச்சு அரித்துப் போய், வெள்ளை மாவும் அதற்கடியில் துருவும் தெரிந்தன. பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். செடிக்கு இரண்டும் நுண்ணளவில் தேவையான சத்து, மீனின் செவுளுக்கோ மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறையக் குறைய அந்த நஞ்சின் வேகம் கூடும். இரண்டையும் எடுத்துவிட்டு யூபிவிசி பால் வால்வு போட்டு, பாதித் தண்ணீரை மூன்று முறை மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு மீனும் சாகவில்லை. உலோகம் தவிர்க்க முடியாத இடத்தில் இப்போது 304 தர எவர்சில்வர் கிளிப் மட்டும், அதுவும் தண்ணீருக்கு வெளியே.

பைப்பை ஒட்டும் சொல்யூஷனில் கரைப்பான்கள் இருக்கின்றன. மெல்லிய பூச்சாகத் தடவி, இரண்டு நாள் உலரவிட்டு, முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகே மீன் விடுகிறேன். சிலிக்கான் பசை வாங்கும்போது பூஞ்சை தடுப்பான் கலந்த குளியலறை வகையைத் தவிருங்கள். பூஞ்சையைக் கொல்லச் சேர்த்தது மீனையும் பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. தோட்டத்துப் பச்சை ஹோஸ் வளையும் பிவிசி. எனவே அதுவும் வேண்டாம்.

சந்தேகமான பொருளை வேறு வழியில்லாமல் பயன்படுத்த நேர்ந்தால், இரண்டு பக்கெட்டுகளில் குளோரின் போன தண்ணீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் அந்தப் பொருளின் துண்டுகளைப் போட்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, நிழலில் ஆறவிட்டு, இரண்டிலும் சம எண்ணிக்கையில் கப்பி மீன்களை விட்டுப் பத்து நாள் கவனிக்கிறேன். கப்பியும் உயிர்தான் என்பதால் முகர்ந்து பார்த்தும் மிதக்கவிட்டும் தேறாத எதையும் இந்தக் கட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை. இது உடனடி நஞ்சை மட்டுமே காட்டும். பிளாஸ்டிசைசர் போன்று மெல்ல மெல்லச் சேர்வதைக் காட்டாது.

சென்ற ஏப்ரலில் ஒரு படுகையின் ஜல்லியை முழுவதும் எடுத்து ஷீட்டைப் பரிசோதித்தேன். அடிப்பகுதியில் தக்காளி வேரின் தடமும் ஜல்லியின் அழுத்தமும் பதிந்திருந்தன. ஓட்டை இல்லை, கறுப்பு மங்கவில்லை. தென்மேற்கு மூலையில் வெயில் நேராகப் படும் மடிப்பின் முகட்டில் மட்டும் ஒரு சாம்பல் கோடு விழுந்திருக்கிறது. நகத்தால் கீறினால் மாவாக வரவில்லை. அந்த மூலைக்கு ஷீட்டின் மிச்சத் துண்டையே மேலே தொப்பிபோல் மூடி வைத்திருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் அதைத் தூக்கி அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.