ட்ராக்கை நீட்டினால் வேலை பாதிதான் முடிந்தது: ஹண்ட்ஸ்வில் பக்கத்து சஸ்பென்ஷன் கராஜ் பற்றி

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் வண்டி: முன்னால் திருப்புவதற்கு ஸ்கி, பின்னால் வண்டியைத் தள்ளுவதற்கு ட்ராக் என்ற ரப்பர் பட்டை. போன சீசனுக்கு முன் என் வண்டியில் இருந்த 121 அங்குல ட்ராக்கைக் கழற்றிவிட்டு 136 போட்டேன். இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் சீர் செய்த ட்ரெயிலில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு 121 தாராளமாகப் போதும். நான் ட்ரெயிலை விட்டு இறங்கி மரங்களுக்கு நடுவே போகிற ஆள். இரண்டு தடவை தொடையளவு பனியில் புதைந்து, மண்வாரியால் தோண்டி வண்டியை எடுத்த பிறகுதான் இந்த முடிவு.

மாற்றிக் கொடுத்த முதல் கராஜ் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தது. பிட்ச், அதாவது ட்ராக்கில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், அதே 2.52 அங்குலம், 48 பிட்ச் இருந்த இடத்தில் இப்போது 54, அதனால் ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரமான டிரைவ் ஸ்பிராக்கெட்டை மாற்றத் தேவையில்லை. ட்ராக் ஒரு வளையம்தானே, 15 அங்குலம் கூடினால் அதன் உள்ளே தாங்கி நிற்கிற ரெயில் ஏழரை அங்குலம் பின்னால் போகும், அதற்கு ரெயில் எக்ஸ்டென்ஷன் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஆனால் சஸ்பென்ஷனை ஒருவரும் தொடவில்லை. முதல் நாளே வளைவில் ஹேண்டிலைத் திருப்பினால் ஸ்கி திரும்புகிறது, வண்டி நேராகப் போகிறது. எதிரே வண்டி வரக்கூடிய ட்ரெயிலில் இது விளையாட்டான விஷயம் இல்லை. நீளமான ட்ராக் நேராகப் போகவே பார்க்கும், அதை எதிர்த்துத் திருப்புகிற அளவுக்கு ஸ்கியின் மேல் எடை இருந்தாக வேண்டும்.

அப்புறம்தான் நண்பர் ஒருவர் சொல்லி இந்த கராஜுக்குப் போனேன். ஒரே மனிதர், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, பெயர்ப்பலகைகூட இல்லை. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓட்டும்போது என்னென்ன போட்டுக்கொள்வீர்கள், பையில் எவ்வளவு எடை வைப்பீர்கள்?" என்பதுதான். ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டச் சொல்லி, பின் பம்பரைத் தூக்கி சஸ்பென்ஷன் முழுக்க நீண்ட நிலையில் தரையிலிருந்து ஓர் அளவு எடுத்தார். என்னை உட்கார வைத்து மறுபடி அளந்தார். ஆறு அங்குலம் இறங்கியிருந்தது, அது அதிகம். பின்பக்க டார்ஷன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற கேமை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் என்னை இறக்கி ஏற்றி, நான்கு அங்குலத்துக்குக் கொண்டு வந்தார். நானே வீட்டில் செய்திருந்தால் கேமை ஒரேயடியாகக் கடைசிப் படிக்குத் திருப்பியிருப்பேன்.

உண்மையான வித்தியாசம் வந்தது லிமிட்டர் ஸ்ட்ராப்பில். ஸ்கிட்டின், அதாவது ட்ராக்குக்குள் இருக்கிற சஸ்பென்ஷன் சட்டத்தின், முன் கை கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதைப் பிடித்து வைத்திருக்கிற பட்டை அது. அதைச் சுருக்கினால் ட்ராக்கின் முன்பகுதி மேலே இழுபடும், எடை ஸ்கிக்குப் போகும். தளர்த்தினால் ஸ்கி லேசாகி ட்ராக் நன்றாகக் கடிக்கும். அதிகம் சுருக்கினால் ஆழமான பனியில் வண்டியின் மூக்கு உள்ளே போய்விடும், அதற்காகத்தானே நான் ட்ராக்கையே நீட்டினேன்! அவர் ஒரே ஒரு ஓட்டை சுருக்கி, ஸ்கிட்டின் முன் ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, "போய் ஓட்டிவிட்டு வாருங்கள்" என்றார். பக்கத்து ஏரிமேல் இருபது நிமிடம் ஓட்டினேன். வண்டி திரும்பியது. இரண்டாவது ஓட்டைக்குப் போகவே இல்லை.

ட்ராக் இழுவையும், அதாவது அது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதும், அவர் கண்ணில் பட்டது. நடுவில் ஏழு கிலோ போல எடை தொங்கவிட்டு எவ்வளவு தொய்கிறது என்று அளந்தார், அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்தது. இறுக்கமான ட்ராக் எஞ்சினின் பலத்தைத் தின்னும், பேரிங்கையும் கெடுக்கும். தொளதொள என்று விட்டால் பிரேக் பிடிக்கும்போது ஸ்பிராக்கெட்டில் பல் தாண்டி "டக் டக்" என்று அடிக்கும். ட்ராக் நீண்டதால் இழுக்க வேண்டிய பாரமும் கூடியிருக்கிறது, எஞ்சினின் சுழற்சியை ட்ராக்குக்குக் கொண்டுபோகிற செயின்கேஸில் மேல் ஸ்பிராக்கெட்டை ஒரு பல் குறைத்தால் நல்லது என்றார். அதை அடுத்த சீசனுக்கு வைத்திருக்கிறேன்.

குறை என்று சொன்னால் இரண்டு. பனி விழுந்த பிறகு கூப்பிட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, புதிய ட்ராக் ஓட ஓட நீளும், முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. 200 கிலோமீட்டர் போல ஓடியதும் ட்ராக் வலது பக்கம் ஒதுங்கி, ரெயிலின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் பட்டையான ஹைஃபாக்ஸ் ஒரு பக்கம் மட்டும் தேய ஆரம்பித்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், மறுநாளே வரச் சொல்லி, பின் ஆக்சிலை நேராக்கி, இழுவையைச் சரிசெய்து கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

மொத்தம் 420 டாலர், அதன்மேல் 13% வரி. ட்ராக்குக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் அவ்வளவு செலவழித்த பிறகு இது கொடுக்க வேண்டிய காசுதான், நான் மறுபடியும் அவரிடமே போவேன். போவதாக இருந்தால் அக்டோபரிலேயே கூப்பிடுங்கள். வழக்கமாக எடுத்துப் போகிற பை, எண்ணெய், மண்வாரி எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள், அந்த எடையோடுதான் அவர் அளப்பார்.