'குளத்தடி' என்றால் எந்தக் குளம்?

வன்னியில் "குளத்தடிக்கு வா" என்றால், ஊருக்குள் யாரும் எந்தக் குளம் என்று கேட்கமாட்டார்கள். அதையே கிளிநொச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்லிப் பாருங்கள். மாங்குளமா, புளியங்குளமா, வவுனிக்குளமா? பிரேம்வேர்க்கில் (செயலி எழுத உதவும் தயார் நிரல் தொகுப்பு) ஒரு கிளாஸை, அதாவது ஒரு வேலைக்கென எழுதிய நிரல் துண்டை, முழுப்பெயர் சொல்லாமல் 'டேட்' (திகதி) என்று கூப்பிடுவதும் இந்தக் கதைதான். எந்த 'டேட்' என்று கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு.

முதலாவது, பிஎச்பி நிரல்மொழிக்கான ஸென்ட் பிரேம்வேர்க்கின் முதல் பதிப்பில் இருந்த, ஃபோல்டர்களில் தேடுகிற முறை. கிளாஸ்களின் பெயர் முன்னொட்டையும் அவை இருக்கிற ஃபோல்டரையும் பதிந்து வைக்க வேண்டும். கடைசியாகப் பதிந்த ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும், இல்லாவிட்டால் அதற்கு முந்தியது. அதே பெயரில் நாமே ஒன்று எழுதி வைத்தால் போதும், பிரேம்வேர்க்குடையது ஒதுங்கிவிடும். சுகமும் அதுதான், வினையும் அதுதான். நெல் கொள்வனவுக் கணக்குக்கு நாங்கள் செய்த செயலியில், கூட வேலை செய்த தம்பி இன்னொரு ஃபோல்டரைப் பதிந்து தன்னுடைய 'டேட்'டை வைத்துவிட்டார். பிழைச் செய்தி எதுவும் இல்லை. நாளும் மாதமும் இடம் மாறி, பெப்ரவரி 3இல் வந்த நெல் மார்ச் 2இல் வந்ததாக நின்றது. இரண்டுமே பெரும்போக அறுவடைக் காலம், யாருக்கு உறுத்தும்? 13ஆம் திகதி முதல் வந்த மூட்டைகள்தான் காட்டிக்கொடுத்தன, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே.

இன்னொன்று: விண்டோஸ் மடிக்கணினியில் ஆங்கில எழுத்துப் பெரிது சிறிது பாராமல் கோப்பு கிடைக்கும், லினக்ஸ் சேர்வரில் கிடைக்காது.

இரண்டாவது, பட்டியல். 2012இல் வந்த ஸென்ட் இரண்டாம் பதிப்பு இதற்கு மாறியது. குறும்பெயருக்கு எதிரே முழுப்பெயர், அவ்வளவுதான். ஃபோல்டர் ஃபோல்டராகத் துழாவ வேண்டாம். புதுக் கிளாஸுக்கு ஒரு வரி சேர்க்க மறந்தால் கத்தும். கத்தட்டும், சும்மா இருந்து கணக்கை மாற்றுவதைவிட மேல். லாராவெல் என்ற இன்னொரு பிஎச்பி பிரேம்வேர்க்கின் மாற்றுப்பெயர்களும் பட்டியல்தான்.

மூன்றாவது, முழுப்பெயரையே எழுதுவது. பிஎச்பி 5.3இல், 2009இல், நேம்ஸ்பேஸ் (பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் போலச் சேர்வது) வந்த பிறகு பெயர் ஒரு முழம் நீண்டது. ஆனால் கோப்பின் தலையில் 'யூஸ்' வரி ஒன்று போட்டால் கீழே குறும்பெயரே போதும். அந்தக் கோப்புதான் ஊர். அதற்குள் குளத்தடி ஒன்றுதான். எடிட்டரும் நேரே அங்கே கொண்டுபோய் விடும்.

என் கை போவது இதற்குத்தான். டெம்ப்ளேட், அமைப்புக் கோப்பு என்று மனிதர் கையால் பெயர் தட்டுகிற இடங்களுக்கு மட்டும் பட்டியல். ஃபோல்டர் தேடலைப் புது வேலையில் தொடமாட்டேன். பழைய செயலி இன்னும் அதில்தான் ஓடுகிறது; தம்பியின் 'டேட்'டை 'நெல்டேட்' ஆக்கிவிட்டோம்.